பெருவழியில் ஒரு கல்

ஆரணி என்றதும் பட்டுப்புடவை நினைவுக்கு வந்தால் அது வாசகர்களின் குற்றமன்று. பட்டுக்கும் கோட்டைக்கும் பெயர் பெற்ற ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கின்றது. நாம் வசிக்கும் ஆரணியோ திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணியாற்றின் கரையில் அமைந்த ஒரு சிறு பேரூர். இங்கே பட்டும் இல்லை, கோட்டையும் இல்லை. மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் வரும். மற்றைக் காலங்களில் மணல் இருக்கும். அந்த மணலும் முன்போல் இல்லை என்பது வேறு கதை.

ஆனால் இந்தப் பக்கத்துக்கு ஒரு பெருஞ்சொத்து உண்டு. அதுதான் சாலை. கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் புதுவாயல். அங்கே சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலை குறுக்கிடுகின்றது. அரசாங்கக் கணக்கில் அதற்கு இப்போது 16 என்று எண், முன்பு 5. முதியவர்கள் இரண்டையும் லட்சியம் செய்யாமல் 'ஜி.என்.டி. ரோடு' என்றே சொல்லுவார்கள். தெற்கே ஜனப்பன்சத்திரம், தச்சூர் கூட்டு ரோடு. வடக்கே கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. சத்திரம், கூட்டு ரோடு, பேட்டை என்று ஊர்ப் பெயர்களே வழிப்போக்கர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன. இரவு பகல் என்ற பேதமின்றி லாரிகள் ஓடுகின்றன. கும்மிடிப்பூண்டியின் தொழிற்சாலைகளுக்கும் சுற்றுப்புறத்துச் செங்கற்சூளைகளுக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்து இறங்குகின்றார்கள். ஆகவே, வழி கேட்பதும் வழி சொல்லுவதும் இப்பக்கத்தாருடைய அன்றாடக் காரியங்களில் சேர்ந்துவிட்டன. சாலையைப் பற்றி நாலு வார்த்தை எழுத நமக்குப் பாத்தியதை உண்டு என்பதை நிலைநாட்டத்தான் இவ்வளவும் சொன்னோம்.

நாம் பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் பூகோளமும் கற்பிக்கிறவர். ஒன்பதாம் வகுப்பில் ரோமாபுரியைப் பற்றிய பாடம் வரும்போது, பிள்ளைகளின் மனத்தைக் கவருவது சீசரும் அல்ல, அகஸ்டஸும் அல்ல. ரோமர்கள் போட்ட சாலைகளே. கி.மு. 312-இல் அப்பியஸ் கிளாடியஸ் என்னும் அதிகாரி தொடங்கிய அப்பியன் சாலை இன்றைக்கும் பல இடங்களில் அப்படியே கிடக்கின்றது. அதன் மேல் நடந்து போகலாம். பழைய வண்டிச் சக்கரங்கள் அரைத்த தடத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். ரோம சாம்ராஜ்யத்தின் பெருஞ்சாலைகள் மட்டும் ஏறக்குறைய 80,000 கிலோமீட்டர் என்று நெடுங்காலமாகக் கணக்குச் சொல்லி வருகின்றார்கள். ஆயிரம் இரட்டையடி நடந்தால் ஒரு மைல். ஆயிரத்துக்கு லத்தீன் மொழியில் உள்ள சொல்லிலிருந்துதான் மைல் என்ற பெயரே வந்தது. நம் ஊர்ச் சாலையோரத்து 'மைல்கல்'லின் முற்பாதி ரோமாபுரிச் சரக்கு; பிற்பாதி மாத்திரமே தமிழ்.

இவ்வளவையும் சொல்லி முடித்த ஒரு நாள், பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "அவங்க ராஜா ரோடு போட்டாரு. நம்ம ராஜாங்க கோயில் மட்டும்தானா சார் கட்டினாங்க?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் கேலிக்காகக் கேட்கவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. தன் வீட்டில் ஒரு பொருள் இருக்கின்றதா இல்லையா என்று கேட்கிற பிள்ளையின் முகம் அது.

இம்மாதிரிக் கேள்விக்கு இரண்டு சுலபமான விடைகள் உண்டு. 'எல்லாம் நம்மிடமிருந்து போனவைதான். ரோமன் நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான்' என்று மார்தட்டுவது ஒன்று. 'நம்மவர்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது?' என்று பெருமூச்சு விடுவது மற்றொன்று. முதலாவது பொய். இரண்டாவது, அடிமைக் காலத்தில் நாம் பழகிக்கொண்ட ஒரு நோய். சுதந்திரம் வந்து பல்லாண்டுகள் ஆகியும் அது முற்றிலும் நீங்கவில்லை. உண்மை எது என்று தேடிப் பார்ப்பது சற்றுச் சிரமமான காரியம். ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தக்கது அது ஒன்றுதான்.

* * *

முதலில் ரோமர் சாலையையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எல்லாச் சாலையும் அப்பியன் சாலையைப் போல் பெரிய பாளக் கற்கள் பாவியதன்று. நகரங்களுக்கு வெளியே பெரும்பாலானவை சரளைக் கல் இட்டுக் கெட்டித்தவையே. சேனைகள் விரைந்து செல்வதற்காகச் சேனைகளைக் கொண்டே போட்ட சாலைகள் பல. மலைமேட்டு நிலங்களில், பிற்காலத்தில் உழவும் குடியிருப்பும் எட்டாத இடங்களில், அவற்றின் எச்சங்கள் சிதையாமல் நின்றிருக்கின்றன.

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தில் வீல்டேல் என்று ஓர் இடம். புல்லும் புதரும் மண்டிய அந்தப் பாழ்வெளியில் ஒரு மைல் நீளத்துக்குக் கல் பாவிய மேடு ஒன்று கிடக்கின்றது. ரோமர் சாலைக்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டுமா என்று ஒரு காலத்தில் பெருமையுடன் அதைக் காட்டினார்கள். புல்லை நீக்கிக் கல்லை வெளிப்படுத்தினார்கள். பிறகு ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சந்தேகம் பிறந்தது. இது ரோமர் போட்டதுதானா, பிற்காலத்துச் சாலையா, அல்லது அதற்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்திய ஓர் எல்லை வரம்பா என்று விவாதிக்கின்றார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. கல் இருக்கின்றது, ஆனால் அது யாருடையது என்று சொல்லும் எழுத்து அதில் இல்லை.

நம் நாட்டிலோ நிலைமை இதற்கு நேர் எதிரானது. இங்கே சாலையின் தரை போய்விட்டது; பெயர் நிற்கின்றது. 'பெருவழி' என்பதே அந்தப் பெயர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் இச்சொல் வருகின்றது. தொண்டைமான் இளந்திரையன் ஆண்ட காஞ்சிக்குப் போகும் வழியைச் சொல்லும்போது, சுங்கம் வாங்குகின்ற பெருவழியையும், மிளகு மூட்டை சுமந்து செல்லும் கழுதைக் கூட்டத்தையும், வழியைக் காக்கும் வில்வீரர்களையும் அப்புலவர் காட்டுகின்றார். சுங்கச்சாவடி என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்து வருந்துகிற மோட்டார்க்காரர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இன்னும் ஒன்று. நம் தொண்டைநாட்டுக்கு வடமேற்கே பாணர்கள் ஆண்ட நிலத்தைப் பழைய சாசனங்கள் 'வடுகவழி மேற்கு' என்று குறிக்கின்றன. வடுகர் நாட்டுக்கு, அதாவது தெலுங்கு நாட்டுக்கு, செல்லும் வழிக்கு மேற்கே உள்ள நிலம் என்று பொருள். நாட்டை வைத்து வழியைச் சொல்லுவது உலக வழக்கம். வழியை வைத்து ஒரு நாட்டையே சொன்னார்கள் என்றால், அந்த வழி எவ்வளவு பேர் அறிந்ததாக இருந்திருக்க வேண்டும்!

ரோமாபுரிக்கும் நம் பெருவழிகளுக்கும் நேரடியான சம்பந்தமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் சுவர் போல் நிற்கின்றது. பாலக்காட்டருகே மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அச்சுவர் விலகி வழிவிடுகின்றது. மலையாளக் கரையில் முசிறித் துறைமுகத்தில் யவனர் மரக்கலங்கள் வந்து நின்றன. ரோமர்களின் சாலைப் படம் ஒன்றின் பழைய பிரதி வியன்னா நகரத்து நூல்நிலையத்தில் இருக்கின்றது; அதன் கீழ்க்கோடியில் முசிறி குறிக்கப்பட்டிருக்கின்றது. முசிறியிலிருந்து போன சரக்குக்காக எழுதிய கடன் பத்திரம் ஒன்றும் அதே நூல்நிலையத்தில் உள்ளது, அது கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இது பிரசுரமாகிய ஆண்டு 1985.

அந்தத் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் ஏறிக் கொங்கு மேட்டு நிலத்தின் வழியாகக் கரூருக்கும் அதற்கப்பால் கீழைக் கடற்கரைக்கும் வாணிகம் நடந்தது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் மண்ணுக்குள்ளிருந்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் முதலியவர்களின் தலை பொறித்தவை. நொய்யலாற்றின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் அகழ்ந்து பார்த்தபோது, மணிக்கற்களை அறுத்துப் பட்டை தீட்டிய பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் எழுத்தில் ஆட்பெயர் கீறிய பானை ஓடுகளும் வெளிப்பட்டன. காசும் மணியும் பறந்து வரவில்லை. வழியில் நடந்து வந்தன. அந்த வழியை ரோமர்கள் போடவில்லை. கல் பாவாத மண் வழி அது. காளை மாட்டின் குளம்புக்குப் பாவிய கல்லைவிட மண்தரையே இதமானது. மண் வழி ஆயிரம் மழையில் கரைந்து போகும், அதில் ஆச்சரியமில்லை.

* * *

அப்படியானால் கண்ணால் காணத்தக்கது ஒன்றுமே மிஞ்சவில்லையா? மிஞ்சியிருக்கின்றது. ஒரு கோடை விடுமுறையில் அதைப் பார்க்கவென்றே நாம் கோயம்புத்தூருக்குப் போனோம். நகரத்துக்குத் தென்மேற்கே, சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவில், ஒரு பாறையில் எழுத்து வெட்டியிருக்கின்றது. அந்த வழிக்குப் பெயர் இராசகேசரிப் பெருவழி. சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். இந்த இராசகேசரி, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட முதலாம் ஆதித்தன் என்பது அறிஞர்களின் முடிபு. அரசனுடைய நிழல் வெண்திங்களைப் போல் ஓங்கி உயிர்களைக் காப்பதாக வாழ்த்தும் ஒரு வெண்பா அதில் இருக்கின்றது.

வெயிலில் அந்தப் பாறையின் முன் நின்றபோது, அரசன் நிழலைவிட ஒரு மரத்தின் நிழல் கிடைத்தால் போதும் என்றுதான் நமக்குத் தோன்றியது. ஆயினும் ஒரு விஷயம் நம்மை அங்கிருந்து நகரவொட்டாமல் செய்தது. அந்தச் செய்தியைத் தமிழ் எழுத்தில் ஒரு முறையும் வட்டெழுத்தில் ஒரு முறையும் பொறித்திருக்கின்றார்கள். கிழக்கே சோழநாட்டிலிருந்து வருகிறவனுக்குத் தமிழ் எழுத்து தெரியும். மேற்கே மலையாளக் கரையிலிருந்து கணவாய் ஏறி வருகிறவனுக்கு வட்டெழுத்துத்தான் பழக்கம். பேசுகிற மொழி ஒன்றாயினும் படிக்கிற எழுத்து வேறு. வெட்டுகிற கல்தச்சனுக்கு இரட்டிப்பு வேலை. உச்சிவெயிலில் உளிபிடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இருந்தும் இரண்டு முறை வெட்டினார்கள். வழி என்பது இரு முனை உள்ளது, இரு பக்கத்திலிருந்தும் மனிதர் வருவர் என்ற நினைப்பு அந்தப் பாறையில் இருக்கின்றது.

கொங்கு நாட்டிலிருந்து வடக்கே சேலம் சென்று, தொப்பூர்க் கணவாயில் பஸ் முனகிக்கொண்டே மேலேறினால், தர்மபுரி மேட்டு நிலம். பழைய பெயர் தகடூர். ஒளவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது ஒளவையார், உப்பு வாணிகராகிய உமணர் தங்கள் வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போவதை உவமையாக எடுத்தார். அந்த உவமை புறநானூற்றில் இருக்கின்றது. கடற்கரையில் விளைந்த உப்பு மேட்டு நிலத்துக்குப் போக வேண்டுமானால் பள்ளமும் மேடும் தாண்ட வேண்டும், அச்சு முறியும். மோட்டார்க்காரன் இன்றைக்குக் கூடுதல் சக்கரம் ஒன்றைப் பின்னால் வைத்துக்கொள்வது போலத்தான். ஒரு வழியின் கரடுமுரடு, ஒரு கவியின் உவமையாகி, வழி அழிந்த பின்னும் வாழ்கின்றது.

அந்த அதியமான் மரபைச் சேர்ந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட தலைவர்கள், சோழர் காலத்தின் பிற்பகுதியிலும் அங்கே ஆண்டார்கள். அக்காலத்தில், சுமார் 13-ஆம் நூற்றாண்டில், நட்ட வழிக்கற்கள் இரண்டு தர்மபுரி வட்டாரத்தில் அகப்பட்டிருக்கின்றன. ஒன்று முத்தம்பட்டியில், மற்றொன்று பாடியில். அவற்றில் என்ன எழுதியிருக்கின்றது? அரசனைப் புகழும் வெண்பா இல்லை. விருது வரிசை இல்லை. வழியின் பெயர் அதியமான் பெருவழி. போகும் இடம் நாவற்றாவளம். தூரம் ஒரு கல்லில் 27 காதம். மற்றதில் 29 காதம். அவ்வளவுதான். தாவளம் என்பது வணிகர் கூட்டம் மாடவிழ்த்துத் தங்கும் இடம். காதம் என்பது ஏறக்குறைய பத்து மைல் என்பார்கள். இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். மாட்டை ஓட்டிச் செல்லும் வணிகனுக்குப் பெயர், இடம், தூரம் ஆகிய மூன்றுக்கு மேல் வேறு என்ன தெரிய வேண்டும்?

ஆனால் கல்லில் இன்னும் ஒன்று இருக்கின்றது. தூரத்தை எண்ணால் பொறித்ததோடு விடாமல், கல்லில் குழிகளையும் குடைந்திருக்கின்றார்கள். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து. சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. இரண்டு பெரிய குழியும் ஏழு சிறிய குழியும் இருந்தால் 27. எழுத்தும் எண்ணும் அறியாத மாட்டுக்காரனும் குழியை எண்ணித் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். பொழுது சாய்ந்து இருட்டிவிட்டாலும் விரலால் தடவிப் பார்த்துக் கொள்ளலாம் அல்லவா?

ரோமர்களின் மைல்கற்கள் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட உருளைத் தூண்கள். அவற்றுள் பலவற்றில் சக்கரவர்த்தியின் பெயரும் பட்டங்களும் வரிவரியாக இறங்கி வரும். தூரம் கடைசியில் ஓர் எண்ணாக நிற்கும். சாம்ராஜ்யத்தின் கிழக்குப் பகுதியில் லத்தீனோடு கிரேக்க எழுத்தையும் சேர்த்து வெட்டிய கற்கள் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்களும் வழிப்போக்கனின் மொழியை நினைத்தவர்களே. சாலை போடும் வித்தையில் ரோமர்களுக்கு நாம் ஈடு என்று சொல்ல மாட்டோம். அந்தக் கிரீடம் அவர்களுடையது. ஆனால் தகடூர் மேட்டு நிலத்தில் ஒரு சிறு தலைவன் நட்ட கல், வேறொரு காரியத்தில் நம் மனத்தைத் தொடுகின்றது. படிக்கத் தெரியாதவனும் இந்த வழியில் வருவான். அவனுக்கும் தூரம் தெரிய வேண்டும் என்று அங்கே ஒருவர் நினைத்திருக்கின்றார். அரசனே நினைத்தானா, அதிகாரி நினைத்தாரா, கல்தச்சன் தன் கூட்டத்தாரை எண்ணித் தானாகவே குடைந்தானா, யார் கண்டார்? நினைத்தது கல்லில் நிற்கின்றது.

* * *

ஊருக்குத் திரும்பிய பிறகு இதை ஆறாம் வகுப்பில் சோதித்துப் பார்த்தோம்.

வாசகர்கள் அந்த வகுப்பைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்துச் செங்கற்சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, கோடை முடியும்வரை தங்கி, மண் பிசைந்து கல் அறுத்துவிட்டு, மழை தொடங்கியதும் ஊர் திரும்புகின்றார்கள். அவர்களுடைய குழந்தைகளில் சிலர் பள்ளிக்கு வந்து உட்காருகின்றார்கள். வருகின்ற எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம், நல்ல சட்டம். ஆனால் சேர்த்துக்கொண்ட பிறகு என்ன செய்வது என்பது தனிச் சங்கடம். தமிழ் அறியாத குழந்தைக்குத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து முதல் வரிசையில் உட்காரவைக்கின்றோம். அக்குழந்தை நம் வாயைப் பார்க்கும். மற்றப் பிள்ளைகள் சிரித்தால் தானும் சிரிக்கும். அவர்கள் எழுதினால் தானும் எழுத்தைப் படம்போல் வரையும். நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் வராது. வருகைப் பதிவேட்டில் அதன் பெயர் மட்டும் கொஞ்ச நாள் நின்றுகொண்டிருக்கும்.

அந்த ஆண்டு அப்படி ஒரு சிறுமி இருந்தாள். வகுப்பில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

கரும்பலகையில் கல்லின் உருவத்தை வரைந்தோம். தூரத்தைப் பழைய தமிழ் எண்ணில் ௨௰௭ என்று எழுதினோம். கீழே இரண்டு பெரிய வட்டமும் ஏழு சிறிய வட்டமும் இட்டோம். "இந்தக் கல் வழியில் இருக்கிறது. எத்தனை காதம் போக வேண்டும் என்று யார் சொல்லுவீர்கள்?" என்று கேட்டோம்.

தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் எண்ணை விழித்துப் பார்த்தார்கள். அது தமிழ் என்று சொன்னபோது நம்பவே மறுத்தார்கள். 'உ' என்று ஒருவன் படித்தான்; 'எ' என்று ஒருத்தி படித்தாள். நம் முன்னோர் எழுதிய எண்ணின் முன்னே நாற்பது பிள்ளைகளும் எழுத்தறியாதவர்களாய் நின்றார்கள். பிறகு வட்டங்களை எண்ணி, "ஒன்பது சார்!" என்று பலர் ஒரே குரலில் கூவினார்கள். 'அப்படியானால் இரண்டு மட்டும் ஏன் பெரியதாக இருக்கின்றன?' என்று கேட்டோம். ஒரு கணம் நிசப்தம்.

முதல் வரிசையிலிருந்து அந்தச் சிறுமி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். மூடினாள், மீண்டும் விரித்தாள். பிறகு ஒரு கை முழுவதும், மறு கையில் இரண்டு விரலும்.

இருபத்தேழு.

கொஞ்சம் ஹிந்தி தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை அழைத்து அவளைக் கேட்கச் சொன்னோம். அவளுடைய தகப்பனார், அன்றன்று அறுத்த செங்கல்லின் கணக்கைக் குடிசைச் சுவரில் கரியால் குறித்து வைப்பாராம். பெரிய கோடு ஒரு தொகை. சிறிய கோடு ஒரு தொகை. மேஸ்திரி சொல்லும் கணக்கும் சுவரிலுள்ள கணக்கும் ஒத்திருக்கின்றனவா என்று வாரத்துக்கொரு நாள் பார்ப்பார்களாம். தகப்பனாருக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆனால் அந்தக் கோடுகளைப் பற்றி அவரை யாரும் ஏமாற்ற முடியாது என்று அவள் சொன்னதாக அந்த மாணவன் மொழிபெயர்த்தான்.

அதியமான் பெருவழியில் குழி குடைந்தவர் யாரை நினைத்துக் குடைந்தாரோ, அந்த மனிதரின் மகள் 700 ஆண்டுகளுக்குப் பிறகு நம் வகுப்பில் உட்கார்ந்திருந்து அதைப் படித்துவிட்டாள். ஒடிய மொழி பேசும் குழந்தை படித்த தமிழ்க் கல். பின்வரிசைப் பையன் கேட்ட கேள்விக்கு விடை தேடித்தான் நாம் கொங்கு நாட்டுக்கும் தகடூருக்கும் போனோம். அந்த விடையின் முக்கியமான பகுதி நம் பள்ளி முதல் வரிசையிலேயே இருந்தது.

* * *

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் காலை வேளையில் நின்று பார்த்தால், கையில் தொலைபேசியையோ துண்டுக் காகிதத்தையோ வைத்துக்கொண்டு, வருகிற பேருந்தின் நெற்றியை அண்ணாந்து பார்க்கும் இளைஞர்களைக் காணலாம். "அண்ணா, ஏ கஹாங்?" என்று பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாகக் கேட்பார்கள். பொறுமையுடன் பதில் சொல்லுகிறவர்கள் பலர். 'பலகையில் எழுதியிருக்கிறதே, படிக்கக் கூடாதா?' என்று கடிந்து கொள்ளுகிறவர்களும் சிலர் உண்டு. நமக்கும் தமிழின்மேல் அபிமானம் உண்டு. நம் ஊர்ப் பலகைகளில் தமிழ்தான் முதலிடத்தில் நிற்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் தமிழ் அபிமானத்தின் பழைய வழக்கம் எது என்பதை அந்த இரண்டு மேட்டு நிலங்களும் காட்டுகின்றன. தமிழில் எழுது, மேற்கிலிருந்து வருகிறவனுக்காக வட்டெழுத்திலும் எழுது, ஒன்றும் படிக்கத் தெரியாதவனுக்காகக் குழியும் குடை. தமிழுக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. வந்திருந்தால் 700 ஆண்டுகளுக்குப் பிறகு நாம் அந்தக் கல்லைப் படித்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

ஆயுத பூஜையன்று சாலைப் பணியாளர்கள் மைல்கல்லுக்குச் சந்தனப் பொட்டிட்டு மாலை சூட்டுவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். பார்த்துச் சிரித்தும் இருப்பார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. முன்பின் அறியாத மனிதனுக்கு, இருந்த இடத்தில் இருந்துகொண்டே, கூலி கேளாமல் உண்மை சொல்லும் பொருள் உலகத்தில் வேறு எத்தனை இருக்கின்றன?

ஆனால் சாலை அகலப்படும்போதெல்லாம் ஓரத்துக் கல்லைப் பெயர்த்துப் பள்ளத்தில் தள்ளிவிடுவதும் நம் நாட்டில்தான் நடக்கின்றது. சுமைதாங்கிக் கல் துணி துவைக்கும் கல்லாகின்றது; சத்திரத்துக் கல்வெட்டு வாசற்படியாகின்றது. இக்கட்டுரையைப் படிக்கும் குடும்பத்தார் தங்கள் ஊரில் அப்படி எழுத்துள்ள கல்லோ, குழியுள்ள கல்லோ கண்டால், அதற்குச் சுண்ணாம்பு அடிக்காமலும் அதை இடம் பெயர்க்காமலும் மாவட்டத்து அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ ஒரு கடிதம் எழுதினால் போதும். வீல்டேல் வெளியில் ஒரு மைல் நீளத்துக்குக் கல் இருந்தும், யாருடையது என்று தெரியாமல் தவிக்கின்றார்கள். நமக்கு வாய்த்தவை ஒரு பாறையும் சில கற்களுமே. ஆனால் அவை வாய் திறந்து பேசுகின்றன.

அந்தச் சிறுமி மழைக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டாள். அடுத்த ஆண்டு அவளுடைய பெற்றோர் வேறு சூளைக்குப் போயிருக்க வேண்டும், வரவில்லை. வேறு குழந்தைகள் வந்தார்கள். இப்போது நம் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பறைக் கதவிலும் எண்ணுக்குக் கீழே வண்ணப் பொட்டுகள் வைத்திருக்கின்றோம்: ஆறாம் வகுப்புக்கு ஆறு சிறிய பொட்டு, பத்தாம் வகுப்புக்கு ஒரே ஒரு பெரிய பொட்டு. புதிதாக வரும் குழந்தைக்கு அவற்றை விளக்க வேண்டியதில்லை. கதவைப் பார்த்துத் தானே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கின்றது.